தறிக்கு மேலே ஒரு தறி

பூங்கொடி தறிக்கு ஊடைநூல் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். கை நூலைப் பிடித்திருந்தது. கால் கட்டைவிரல் தொட்டில் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளை அழுதுகொண்டிருந்தான்.

பள்ளிபாளையத்தில் அந்தத் தெரு முழுக்கத் தறிதான். பூங்கொடி வீட்டிலும் கீழே தறிக்குடோன், மேலே வாடகைக்கு விடுகிற ஒற்றை அறை. தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம் பேசவேண்டுமானாலும் கத்தவேண்டும், இல்லாவிட்டால் கையைக் காட்டவேண்டும். பூங்கொடி கையைத்தான் காட்டுவாள். கல்யாணமாகி வந்த நாளாக அவள் வாய்விட்டு ஒரு பேச்சுப் பேசி யாரும் கேட்டதில்லை. அவளுக்குக் கனத்த குரல். பள்ளிக்கூடத்துப் பிரேயரில் பாட வாயைத் திறந்த அன்றைக்கே அது ஆம்பளைக் குரல் என்று பேர் வாங்கிவிட்டது. அதற்கப்புறம் அவள் பள்ளிக்கூடம் போனதும் அதிக நாளில்லை.

ஆனால் தறிச் சத்தத்துக்குள் பாடுவாள். குடோன் மூலையில் தொட்டிலைக் கட்டி, அதற்குள் தலையைக் கவிழ்த்து, தொண்டை திறந்து தாலாட்டுவாள். பக்கத்தில் தறி ஓட்டுகிற மாமியாருக்குக்கூடக் கேட்காது. பிள்ளை அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவான்.

ஒருநாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. தெருவிலிருந்த தறியெல்லாம் ஒருசேர நின்றன. கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தவளுக்கு அது உறைக்கவில்லை. தாலாட்டில் ஒரு முழு அடி நடுத்தெருவில் போய் விழுந்தது.

கோயிலில் ரேடியோ கட்டியாச்சாட்ட இருக்குது என்றாள் எதிர்வீட்டுக்காரி. ரேடியோ இல்லை, உள்ளே எவனோ ஒரு ஆம்பளை அழுகிறான் என்றார் இன்னொருத்தர். தெருவே சிரித்தது. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். புருஷனும் சேர்ந்து சிரித்தான்.

அன்றோடு பாட்டு நின்றது. பிள்ளையின் தூக்கமும் நின்றது. மாமியார் திருநீறு போட்டுப் பார்த்தாள். டாக்டர் ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார். பிள்ளை அழுது அழுது கண்ணெல்லாம் குழி விழுந்து இளைத்துக்கொண்டே போனான். அவனுக்கு என்ன மருந்து என்று பூங்கொடிக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாடி அறைக்கு எஸ்தர் குடிவந்தாள். பூங்கொடியைவிட வயதில் சின்னவள், ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். சாயங்காலமானால் இடுப்பளவு ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் சொருகி எலக்ட்ரிக் கிதார் வாசிப்பாள். ஈரோட்டில் போன வீட்டிலெல்லாம் சத்தம் தாங்காமல் காலி பண்ணச் சொல்லிவிட்டார்களாம். தறித் தெருவில் யார் கேட்கப்போகிறார்கள் என்று இங்கே வந்துவிட்டாள்.

"நம்ம தறிக்கு மேல இன்னொரு தறி வந்து எறங்கியிருக்குது" என்றாள் மாமியார்.

துணி காயப்போட மாடிக்குப் போன பூங்கொடி, இடுப்பில் அழுகிற பிள்ளையோடு அந்த அறை வாசலில் நின்றாள். எஸ்தர் அவளை ஒன்றும் விசாரிக்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்த ஹெட்போனை எடுத்து அவள் காதில் மாட்டிவிட்டாள்.

பூங்கொடி கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இது தறிதானுங்க டீச்சர்?"

"தறிதான் அக்கா. என்ன நெய்யறாங்கன்னு கேளுங்க."

இந்த வகைப் பாட்டுக்கு ஹெவி மெட்டல் என்று பேராம். எஸ்தர் சிலதைப் பூங்கொடியின் போனில் ஏற்றிக்கொடுத்தாள். தார் சுற்றும்போது கேட்கச் சொன்னாள்.

முதலில் வெறும் இரைச்சல்தான். இரும்புக் கடைக்குள் லாரி புகுந்த மாதிரி இருந்தது. தலை வலித்தது, கழற்றி வைத்தாள். ஆனால் என்ன நெய்கிறார்கள் என்ற கேள்வி காதிலேயே உட்கார்ந்திருந்தது. மறுபடி மாட்டினாள். ஒரு நேரம், அந்த இரைச்சலுக்கு நடுவில் இரண்டு கிதார்கள் கைகோத்துக்கொண்டு போவது தெரிந்தது. அக்காளும் தங்கையும் ஒரே குடத்தை இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கிப்போகிற மாதிரி. சொட்டுத் தண்ணீர் சிந்தவில்லை. நூல் அறுந்ததைக்கூடப் பார்க்காமல் பூங்கொடி உட்கார்ந்திருந்தாள்.

அதற்கப்புறம் அவளே கேட்டு வாங்கினாள். பவர் மெட்டல் என்று ஒன்று, குதிரைமேல் ஏறிக் கோபுர உச்சிக்கே போய்விடும். டூம் மெட்டல் என்று ஒன்று, பாரம் ஏற்றிய லாரி மலை ஏறுகிற மாதிரி அசைந்து அசைந்து போகும். ஆனாலும் அதில் ஒரு ராகம் இருக்கும். அவள் மனசு போய் ஒட்டிக்கொண்டது மெலடிக் டெத் மெட்டலில்தான். மேலே ஆள் உறுமி மேளம் மாதிரி உறுமுவான். அடியில் கிதார் ஒப்பாரி வைக்கும். ஒன்றை ஒன்று விடாது.

ஒருநாள் அப்படி உறுமுகிற ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு, இந்த ஆளுக்குத் தொண்டை கிழியாதா என்றாள்.

"ஆம்பளை இல்லக்கா, பொம்பளை. ரெண்டு பிள்ளைக்கு அம்மா."

பூங்கொடி ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். அதற்குள் அந்தப் பொம்பளை உட்கார்ந்திருக்கிற மாதிரி பார்த்தாள்.

பிறகு, கரண்ட் போன கதையைத் துண்டுதுண்டாகச் சொன்னாள். பிள்ளை தூங்காததையும் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, ரொம்ப நாளாக நெஞ்சில் இருந்ததைக் கேட்டாள்.

"இத்தன சத்தத்துக்குள்ள போயி ஏனுங் டீச்சர் பாடறாங்க? என்னாட்ட ஒளிஞ்சுக்கறதுக்கா?"

எஸ்தர் எழுந்தாள். ஒயரைப் பெட்டியில் சொருகினாள், கிதாரைத் தோளில் மாட்டினாள். பூங்கொடியின் கையைப் பிடித்துப் பெட்டியின் முன்பக்கம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகில் வைத்தாள்.

"நான் வாசிக்கறேன், நீங்க பாடுங்க. சத்தம் உங்க கையில."

பூங்கொடி கடைசிவரை திருகி வைத்தாள். கிதார் அறையை நிறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சுவரைப் பார்த்துத் தாலாட்டைப் பாடினாள்.

"கேட்டுச்சுங்களா?"

"ஒண்ணும் கேக்கலை."

அவளுக்கு நிம்மதியாக இருந்தது. எஸ்தர் மோவாயால் பிள்ளையைக் காட்டினாள்.

"அவனுக்கு?"

பாயில் கிடந்த பிள்ளை கையைக் காலை உதைத்து அழுதுகொண்டிருந்தான்.

பூங்கொடி அவனை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். திருகைக் கொஞ்சம் குறைத்தாள், பாடினாள். பிள்ளை அழுதுகொண்டே தலையை அங்கும் இங்கும் திருப்பித் தேடினான். இன்னும் குறைத்தாள். அழுகை விக்கலாகக் குறைந்தது. இன்னும் கொஞ்சம். இப்போது கிதாரும் அவள் குரலும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. பிள்ளை அவள் வாயைக் கண்டுபிடித்துவிட்டான். கையை நீட்டி அவள் தொண்டையின்மேல் வைத்தான். முந்தானை எப்போது நழுவியதென்று அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது அடியில் அவன் கண் சொருகியது. மூன்றாவது அடியில் கை நழுவி மடியில் விழுந்தது.

அவன் தூங்கியபிறகும் அவள் நிறுத்தவில்லை. கை தானாகத் திருகுக்குப் போய் மறுபக்கம் திருப்பியது. கிதார் எழும்பியது. அதன்மேல் ஏறி அவள் குரல் எழும்பியது. கிதார் விடவில்லை, அவளும் விடவில்லை. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. ஜன்னல் திறந்து கிடந்தது. தறிக்குடோனில் வளர்ந்த பிள்ளை அசையவேயில்லை.

பாட்டு முடிந்தது. பூங்கொடிக்கு மூச்சு வாங்கியது. நெற்றி வியர்த்திருந்தது. சிரித்துக்கொண்டே, ஆனால் கொஞ்சம் பயத்தோடு கேட்டாள்.

"இப்ப கேட்டுச்சுங்களா டீச்சர்?"

எஸ்தர் கிதாரின் கம்பியைக் கையால் அமர்த்தினாள்.

"உங்களைத் தேடவே வேண்டியதில்லக்கா. என் கிதாரைத்தான் தேடிட்டிருந்தேன்."

பூங்கொடி மடியில் தூங்குகிறவனைப் பார்த்தாள். அப்போது படிக்கட்டுக்குக் கீழிருந்து, தார் தீர்ந்துபோச்சு, எங்கே போய்விட்டாள் இவள் என்று மாமியார் கூப்பிட்டாள். எப்போதும் ஓடிப்போய்ப் படிமேல் நின்று கையைக் காட்டுகிறவள், பிள்ளையை மடியைவிட்டு இறக்காமல், இருந்த இடத்திலிருந்தே, திறந்த ஜன்னல் வழியாகத் தெருவுக்கே கேட்கிற அந்தக் கனத்த குரலில், "இங்கதானுங்க அத்தை இருக்கறேன், இதோ வர்றேன்!" என்றாள்.