சுருட்டைத் தட்டிவிட்ட இருமல்

அந்தக் காலத்தில் ஆடு மாடு மட்டுமா பேசியது? மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் இருக்கிற பொடி முடிகள்கூட வாய் ஓயாமல் பேசின. காவிரியில் பரிசல் ஓட்டிய சின்னாண்டியின் மூச்சுப் பாதையில் அப்படி ஆயிரமாயிரம் முடிகள் குடியிருந்தன. அவற்றுக்குத் தலைவி வீச்சாயி. ஆள் கண்ணுக்கே தெரியமாட்டாள், வேலையிலோ சூறாவளி. தூசியோ கிருமியோ உள்ளே வந்தால் சளியில் ஒட்டவைத்து, கூட்டத்தோடு வீசி வீசி வெளியே தள்ளிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள்.

ஒருநாள் சின்னாண்டி சுருட்டு பிடிக்கக் கற்றுக்கொண்டார். புகை விருந்தாளி மாதிரி உள்ளே வந்தது. "எந்நேரமும் கூட்டிக்கிட்டே இருப்பீங்களா? செத்த நேரம் உட்காருங்க," என்றது. அவ்வளவுதான், வீச்சாயி கூட்டம் மொத்தமும் மயங்கிச் சாய்ந்தது. கொஞ்சம் தெளிந்து எழப் பார்த்தால் அடுத்த சுருட்டு வந்துவிடும். இப்படியே பத்து வருஷம். கேட்பாரில்லாத வீட்டில் கிருமிகள் கூத்தடித்தன. சளி மார்பில் இறங்கிக் காய்ச்சலாகப் படுத்தியது. அக்கரை வரை கேட்ட சின்னாண்டியின் குரல், அடுப்படியில் இருந்த மனைவி பாப்பாயிக்கே எட்டவில்லை.

பாப்பாயி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, அந்தக் கருமத்தை விட்டுத் தொலைங்க. எனக்கு நீங்க வேணுமுங்க," என்று அழுதாள். அவரும் விட்டார்.

பத்தாம் நாள் வீச்சாயி கண் விழித்தாள். எங்கே பார்த்தாலும் கரியும் குப்பையும். "எந்திரிங்கடி, தூங்கினது போதும்," என்று எல்லோரையும் உலுக்கிக் கூட்ட ஆரம்பித்தாள். வெளியே சின்னாண்டிக்கு இருமல் பிடித்துக்கொண்டது. குடலே வெளியே வந்துவிடும்போல அப்படி ஓர் இருமல்.

"பாத்தியா பாப்பாயி, சுருட்டு பிடிச்சப்போ இப்படி இருமினேனா? விட்டதுதான் தப்பாப் போச்சு," என்று சொல்லி, ஒளித்து வைத்திருந்த சுருட்டை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரையில் போய் உட்கார்ந்தார் அந்த அசட்டு மனிதர்.

வீச்சாயிக்குப் பாதி உயிர் போய்விட்டது. இன்னொரு தடவை சாய்ந்தால் எழுந்திருக்கவே முடியாது என்று அவளுக்குத் தெரியும். "அண்ணா, வேண்டாமுங்க. இது நோவு இல்லீங்க, நாங்க கூட்டுறமுங்க," என்று கெஞ்சினாள்.

"எனக்குள்ளயே இருந்துகிட்டு எனக்கே புத்தி சொல்றியா?" என்றவர் சுருட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, கொள்ளியைக் கிட்டே கொண்டுபோனார்.

இனிப் பேச்சு எதற்கு? "தள்ளுங்கடி," என்றாள் வீச்சாயி. கூட்டம் முழுக்க ஒரே மூச்சாகத் தள்ளியது. வந்தது பாருங்கள் ஓர் இருமல்! சுருட்டு பறந்து போய்க் காவிரியில் விழுந்தது. பத்து வருஷத்துக் கரி கோழையாக வெளியே வந்தது. பின்னாலேயே கரைக்கு வந்திருந்த பாப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சின்னாண்டி மூச்சை இழுத்துப் பார்த்தார். அது தடையில்லாமல் அடிவரை இறங்கியது. சந்தோஷம் தாங்காமல் எழுந்து நின்று, "பரிசல் வருதுங்கோ," என்று குரல் கொடுத்தார். அக்கரையில் இருந்தவர்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைக்கு இறங்கினார்கள்.

சொன்னால் கேட்கிற பிறவி இல்லை மனிதன் என்று வீச்சாயி வம்சம் அத்தோடு பேச்சை விட்டது. புகைப்பதை விட்ட பலருக்கும் முதல் சில வாரம் இருமல் கூடுகிறதே, அது அன்று முதல்தான். பயப்பட வேண்டாம், உள்ளே வீச்சாயி வேலைக்கு வந்துவிட்டாள்.