தணிகாசலத்தின் இரண்டு குழாய் ரத்தம்

ரத்தத்திலுள்ள புரதங்களை அளந்து நோய் சொல்லும் ஆய்வகம் அது. அங்கே மெஷின் ஒரே ரத்தத்துக்கு நாளுக்கொரு கணக்கு சொன்னது. மேலே இருப்பவர் தப்பு செய்ததாக எந்த ஊரில் வழக்கு உண்டு? பழி ஒப்பந்த ஊழியர் மாரிக்கனி தலையில் விழுந்தது.

"மெஷின் பொய் சொல்லாது. உன் கைதான் சரியில்லை. நாளையோட வேலையை விட்டு நின்னுக்கோ" என்றார் இயக்குநர் தணிகாசலம்.

"சரிங்க ஐயா. இந்த ரெண்டு ரத்தக் குழாயை மட்டும் உங்க கையாலேயே மெஷின்ல ஏத்திடுங்க. ஒண்ணு இன்னிக்கு, ஒண்ணு நாளைக்கு."

மறுநாள் தணிகாசலம் மீசையை முறுக்கினார். "நேத்து ஏத்தினது ஆரோக்கியமான ஆள். இன்னிக்கு ஏத்தினது முத்திப்போன நோயாளி!"

"ரெண்டும் போன வாரம் நீங்க மாதிரிக்குக் கொடுத்த ரத்தம்தாங்க. இப்ப வைத்தியம் யாருக்கு? நேத்து ஐயாவுக்கா, இன்னிக்கு ஐயாவுக்கா?"

மாரிக்கனியின் வேலை தப்பியது. இப்போதெல்லாம் தினமும் ஒரே ரத்தத்தை முதலில் ஓட்டி, மெஷின் நேற்றைய கணக்கையே சொன்ன பிறகுதான் நோயாளிகளின் குழாய்கள் ஏறுகின்றன. அந்த ரத்தம் தணிகாசலத்துடையது. ஊழியர் ரத்தத்தையே உறிஞ்சிப் பழகிய கட்டடத்தில், மேலிடத்து ரத்தம் இறங்கியது அதுவே முதல்முறை.