குரங்குக் கொட்டாவி

ராத்திரி ஷிப்ட் முடிந்து வெளியே வந்தவர்களை நூல் மில்லின் கேட்டிலேயே மடக்கி உட்கார வைத்துவிட்டார்கள். மேனேஜர் ஞானதுரை பேசப்போகிறாராம். பேசினார், பேசினார், வெயில் ஏறும்வரை பேசினார்.

"தூக்கம் வந்தா குரங்குதான் வாயைப் பிளக்கும். மனுஷன் மூளை வளர்ந்து மேல வந்தவன். நினைச்சா தூக்கத்தையே அடக்கலாம்!" என்று மைக்கில் முழங்கினார்.

முன்வரிசையில் இருந்த மாடத்தி கொட்டாவி விட்டாள்.

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. "இனிமே இங்க கொட்டாவி விடுற யாருக்கும் மில்லுல வேலை கிடையாது!"

மாடத்தி அலுப்போடு எழுந்தாள். "சரிங்க சார். அந்தக் குரங்கு எப்படி வாயைப் பிளக்கும்னு ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. அது மாதிரி வராம பாத்துக்கிறோம்."

நடித்துக் காட்டுவதென்றால் மேனேஜருக்குக் கொள்ளை ஆசை. பல் தெரிய வாயை அகலத் திறந்தார். திறந்த வாய் மூடவில்லை. நிஜக் கொட்டாவியே வந்துவிட்டது. கண்ணில் நீர் முட்ட அவர் விட்ட "ஆ...வ்" மைக் வழியே மில் முழுக்கக் கேட்டது. அதைப் பார்த்து முன்வரிசை விட்டது, பின்வரிசை விட்டது, கேட்டில் நின்ற வாட்ச்மேனும் விட்டார்.

மாடத்தி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டாள். "அப்ப இந்த மில்லுல இனிமே யாருக்கும் வேலை இல்லை. உங்களுக்கும்தான் சார். வீட்டுக்குப் போய்ப் படுங்க."