பொடிச்சியும் நண்டுப் பாறையும்

சுற்றிலும் கடல். நடுவே ஒரு சின்னத் தீவு. அந்தத் தீவின் காட்டில் பொடிச்சி என்றொரு பெண் நரி தன் குட்டிகளோடு வாழ்ந்து வந்தாள். பூனையளவு உடம்பு, ஆனால் கெட்டிக்காரி. காலையில் புல்வெளியில் வெட்டுக்கிளி பிடிப்பாள். வெயில் ஏறினால் மரமேறி நாவல்பழம் தின்பாள். எந்த இடத்திலும் கொஞ்சம் தின்றதும் மிச்சத்தை விட்டுவிட்டு நகர்ந்துவிடுவாள். அதனால் கோடையிலும் அவள் வீட்டில் பட்டினி இல்லை.

ஒரு மழைக்காலத்தில், அக்கரை ஆற்று வெள்ளம் கடலுக்குள் அடித்துவந்த பெரிய நரி ஒன்று அங்கே கரை ஒதுங்கியது. அவன் பெயர் கருவாலன்.

பொடிச்சியைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"நீயும் நரியா? எங்கள் ஊர் முயலே உன்னைவிடப் பெரியது."

"இந்தத் தீவுக்கு இந்த உடம்பு போதும், அண்ணா" என்றாள் பொடிச்சி.

கருவாலன் கடற்பறவைகளின் கூடுகளில் ஒரு முட்டைகூட மிச்சம் வைக்கவில்லை. பறவைகள் வேறு தீவுக்குப் போய்விட்டன. எலிகள் வெளியே தலைகாட்டவில்லை. பசியோடு அலைந்தவன், ஒரு நாள் பொடிச்சியின் வளையை மோப்பம் பிடித்துவிட்டான். அவள் திரும்பி வந்தபோது அவன் வளை வாசலைத் தோண்டிக்கொண்டிருந்தான். உள்ளே குட்டிகள் முனகின.

எதிர்த்தால் பொடிச்சி ஒரு கடிக்குத் தாங்கமாட்டாள். பயத்தைக் காட்டிக்கொள்ளாமல் அருகே போனாள்.

"அண்ணா, இந்தக் குட்டிகள் உன் கடைவாய்க்குக்கூடக் காணாது. வயிறு நிறைய நண்டு கிடைக்கும் இடம் எனக்குத் தெரியும். வருகிறாயா?"

"பொய்யாக இருந்தால் நேரே இங்கேதான் வருவேன்."

"பொய்யில்லை. ஆனால் நான் கிளம்பும்போது நீயும் கிளம்பிவிட வேண்டும்."

கடல் வடிந்திருந்தது. ஈரமணலில் நடந்து இருவரும் தூரத்துப் பாறைக்குப் போனார்கள். இடுக்கெல்லாம் நண்டுகள். கருவாலன் நொறுக்கித் தள்ளினான். பொடிச்சி அளவாகத் தின்று நிமிர்ந்தாள். அவள் பாதத்தில் தண்ணீர் பட்டது.

"அண்ணா, கடல் ஏறுகிறது. போகலாம்."

"இன்னும் ஒன்று."

"மணல் மறையப் போகிறது, அண்ணா."

"உன் வயிறு சின்னது. நீ போ."

பொடிச்சி ஓடினாள். கரை சேர்ந்ததும் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், பெரிய நரி நுழைய முடியாத குறுகலான பாறைப் பிளவுக்குள் சேர்த்தாள்.

கருவாலன் தலை நிமிர்ந்தபோது நாலாபுறமும் தண்ணீர். தின்ற பாரத்தில் நீந்தவும் முடியவில்லை. உச்சிப் பாறையில் ஒண்டிக்கொண்டு, அலை அடிக்க அடிக்க நடுங்கிக் கிடந்தான்.

மறுபடி கடல் வடிந்த பிறகே அவனால் கரையேற முடிந்தது. பாறைப் பிளவின் வாசலில் பொடிச்சி உட்கார்ந்திருந்தாள். அவன் எட்டவே நின்றான்.

"அடுத்த முறை நண்டுக்குப் போகும்போது நானும் வரட்டுமா?"

"வா, அண்ணா. ஆனால் நான் போதும் என்றால் உனக்கும் போதும்."

கருவாலன் சரியென்று தலையாட்டினான்.

நீதி: போதும் என்று நிறுத்தத் தெரிந்தவருக்குச் சின்னத் தீவும் பெரிய வீடு.