விட்டுப் போனவர்கள்

"யாரை நம்புறதுன்னே தெரியலை மிஸ்" என்றாள் எப்சிபா.

சபுரா மிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. மீன் தொட்டிக்குள் தீனியைத் தூவிக்கொண்டிருந்தார். ஊரடங்கில் கல்லூரி பூட்டிக் கிடந்தாலும் விலங்கியல் துறை மீன்களுக்குப் பசிக்குமே. அதற்காக மட்டும் தினமும் வந்துவிடுவார்.

எப்சிபா முகக்கவசத்தோடு வாசலிலேயே நின்றாள். அவரிடம் படித்தவள். முனைவர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்று பள்ளிக்கூட வேலையை விட்டிருந்தாள். இரண்டு இடங்களிலிருந்து அழைப்பு வந்திருந்தது. வடக்கே ஒரு பெரிய ஆய்வு நிறுவனம். கடலோரத்தில் ஒரு சின்னப் பல்கலைக்கழகம். நாளைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"நேர்ல போய்ப் பார்க்கவும் வழியில்லை. ரெண்டு கைடையும் வீடியோ கால்லதான் பார்த்திருக்கேன். வடக்க இருக்கிற சாருக்குப் பின்னால தெரியிற புத்தக அலமாரி நிஜமா படமான்னுகூடத் தெரியலை."

"அங்க படிக்கிற பிள்ளைகள்ட்ட பேசினியா?"

"பேசினேன். எல்லாரும் ஒரே மாதிரி புகழுறாங்க. சார் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாரோ என்னவோ."

"கடலோரத்துல?"

"ஒரு பொண்ணு பேசினா. 'பரவாயில்லை'ன்னா. அவ்வளவுதான். அதுவும் உறுத்துது."

"என்னை நம்புறியா?"

எப்சிபா தயங்கினாள். கடலோரத்து கைடும் மிஸ்ஸும் ஒன்றாகப் படித்தவர்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"முழுசா இல்லை மிஸ்."

சபுரா மிஸ் சிரித்தார்.

"நல்லது. அப்ப நீயே கேளு. 'உங்களை விட்டுப் போனவங்க யாரு?'ன்னு ரெண்டு பேருட்டயும் கேளு. இப்பவே."

"தப்பா எடுத்துக்கிட்டு, இடம் கிடையாதுன்னுட்டா?"

மிஸ் அடுத்த தொட்டிக்குப் போய்விட்டார்.

எப்சிபா வராந்தாவுக்குப் போய் போன் செய்தாள்.

திரும்பி வந்தபோது அவள் கண்ணில் ஒரு தெளிவு.

"நல்லவேளை கேட்டேன் மிஸ். கடலோரத்துல ரெண்டு பேர் பாதியில போயிருக்காங்க. அவரே, 'அதுல ஒருத்தி என்னாலதான் போனா. நம்பர் தரேன், அவள்ட்டயே கேட்டுக்கோ'ன்னார். அந்தப் பொண்ணு 'பரவாயில்லை'ன்னப்பவே எனக்குச் சந்தேகம்தான்."

"வடக்க?"

"சார் சிரிச்சுட்டார். லேப் ஆரம்பிச்சுப் பன்னெண்டு வருஷமாச்சாம். இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கூட அவரை விட்டுப் போனதில்லையாம். அங்கயே சேர்ந்துடுறேன் மிஸ்."

மிஸ் தீனி டப்பாவை மூடினார்.

"பன்னெண்டு வருஷமாவா?"

"ஆமா மிஸ்."

"பட்டம் வாங்கிட்டுக்கூட ஒருத்தரும் போகலையா?"

எப்சிபா போனை எடுத்து, கடலோரத்து கைடு தந்த நம்பரை அழுத்தினாள்.