எழுந்து காட்டாத வஸ்தாது

இருட்டியதும் மாட்டுக்கொட்டகையில் "உஸ்... உஸ்" என்று ஒரு சத்தம். பாம்போ பேயோ என்று குழம்பிப்போய் ஜமீன்தாரும் அவருடைய பயில்வான் வஸ்தாதும் விளக்கோடு ஓடினார்கள். சாணி அள்ளிக்கொண்டு அங்கேயே தங்கியிருக்கும் வெள்ளையம்மா, குழந்தையைத் தூளியில் போட்டுவிட்டுத் தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியுமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"கதவில்லாத இடம், சாமி. யாராவது வந்தா தள்ளிவிடத் தெம்பு வேணுமே."

வஸ்தாது சிரித்தார். "நூறு பஸ்கி எடு, என் அறையே உனக்கு. முடியலைன்னா ஊரைவிட்டே போயிடணும்."

"முறை தெரியாதுங்க. ஒவ்வொண்ணா நீங்க செஞ்சு காட்டுங்க, பாத்துச் செய்யறேன்."

முப்பத்தொன்றாவதில் உட்கார்ந்த வஸ்தாது எழவேயில்லை.

"உக்கார்றது புரிஞ்சுதுங்க. எழுந்திருக்கிறதை இன்னும் காட்டலியே?"

பரீட்சை யாருக்கு என்று ஜமீன்தாருக்கே குழப்பம். கடைசியில், நின்றுகொண்டிருந்தவளுக்கே அறை என்றார்.

அன்றிரவு வெள்ளையம்மா குழந்தையை உள்ளே கிடத்திவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டாள்.