சீரகம்

நெருங்கி உட்காருங்கள். பிள்ளைகள் யாராவது இருந்தால் அனுப்பிவிட்டு வாருங்கள். இது பெரியவர்கள் காதுக்கு மட்டும்.

தவசி என்று ஒருத்தன். பொருட்காட்சிக் கொட்டகையில் ஜமீன்தார் வேஷம் கட்டுகிறவன். வாசலிலேயே பலகை மாட்டியிருக்கும், வயது வந்தோருக்கு மட்டும் என்று.

ஆட்டம் இதுதான். அடிமைப் பெண்ணைத் தூணில் கட்டி ஜமீன்தார் சாட்டையால் அடிப்பார். அவள் அழுவாள், கெஞ்சுவாள், கதறுவாள். ஆம்பளைக் கூட்டம் விசிலடிக்கும்.

சாட்டை துணியில் பஞ்சை அடைத்தது. சத்தம் கொடுக்கிறவர் தபலாக்காரர்.

அடிமை வேஷம் செங்கமலத்துக்கு. எட்டு வருசமாய் அவனோடு ஆடுகிறவள்.

ஒரு காலையில் தவசி, கொட்டகை மேடையில் இருந்த வாத்தியாரம்மாவிடம் வந்து நின்றான். வாத்தியாரம்மா பேர் பேச்சியம்மாள். அவனைவிட ரெண்டு வயசு இளையவள்தான். ஆனால் அவனுக்கு மேடையில் நிற்கவும் நடக்கவும் சொல்லிக் கொடுத்தது அவள்.

"என்னண்ணே, ஜமீன் மூஞ்சி இப்படித் தொங்கிப் போச்சு?"

"செங்கமலம் பொட்டி கட்டுறா, வாத்தியாரம்மா. பதினோரு மணி பஸ்ஸுக்குப் போறாளாம். ஊருக்கே போறாளாம்."

"கேட்டியா?"

"எங்கூடப் பேச்சே இல்ல. நாலு நாளாச்சு. நீங்க ஒரு வழி சொல்லுங்க. அவ இல்லாம நான் யாரோட ஆடுவேன்?"

"நாலு நாளைக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

தவசி தரையைப் பார்த்தான்.

"ஆட்டத்துக்கு நடுவுல அவ 'சீரகம்'னு சொன்னா."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். தூணில் கட்டியிருப்பவள் 'விடுங்க' என்றால் அது பாட்டில் வருகிற வசனம். 'ஐயோ, செத்தேன்' என்றாலும் வசனம். அதைக் கேட்டு யார் நிறுத்துவார்கள்? அதனால் கதையில் எங்கேயும் வராத ஒரு வார்த்தையை வாத்தியாரம்மா வைத்திருந்தாள். சீரகம். அந்த வார்த்தை யார் காதில் விழுந்தாலும் அவர் நிறுத்த வேண்டும். சாட்டை கீழே வர வேண்டும், தபலா ஓய வேண்டும், திரை விழ வேண்டும்.

ஏன் என்று கேட்கக் கூடாது. அன்றைக்குச் செங்கமலம் ஏன் சொன்னாளோ, எனக்கும் தெரியாது.

"சொன்னா. நீ என்ன செஞ்சே?"

"அப்பப் பாத்து முன் வரிசை மொத்தமும் எந்திரிச்சுக் கைதட்டுச்சு, வாத்தியாரம்மா. இன்னும் மூணு அடி அடிச்சேன். மூணே மூணு. பஞ்சுதானே? நோகுமா?"

"கேட்டுச்சா, கேக்கலையா?"

"கேட்டுச்சு."



"உங்களுக்கு?" என்றான் தவசி.

"கேட்டுச்சு."

"திரைக்கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா."

"பிறகு ஏன் இழுக்கல?"

வாத்தியாரம்மா எழுந்து போய் சாட்டையை எடுத்து வந்தாள்.

"மண்டி போடுண்ணே."

"என்னம்மா விளையாட்டு?"

"போடு."

சிரித்துக்கொண்டே மண்டி போட்டான். அவள் அவன் கையைத் தூணில் கட்டினாள்.

நிமிர்ந்து பார்த்தான். தினமும் அவன் உட்காருகிற நாற்காலி எதிரே இருந்தது. நின்று பார்த்தால் அது பெட்டிப் பலகையில் அடித்து ஜிகினாத் தாள் ஒட்டியது. மண்டி போட்டுப் பார்க்கிறான், சிம்மாசனமாய் உயர்ந்து நிற்கிறது. அந்தப் பக்கம் காலி பெஞ்சுகள். அத்தனையும் அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது.

முதல் அடி விழுந்தது. நோகவில்லை.

"போதும்மா, விளங்கிருச்சு."

ரெண்டாவது அடி.

"சரி சரி. சீரகம்!" என்று சிரித்தான்.

மூன்றாவது அடி விழுந்தது.

சிரிப்பு நின்றது. அவள் முகத்தைப் பார்த்தான். அதில் கோபம் இல்லை. ஒன்றுமே இல்லை. கேட்காதவள் முகம்.

"வாத்தியாரம்மா... சீரகம்."

நாலாவது.

 கையை இழுத்துப் பார்த்தான். உடம்பில் ஓரிடமும் வலிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

"சீரகம்! அம்மா, சீரகம்!"

வாத்தியாரம்மாவின் கை மறுபடி உயர்ந்தது.  அவள் கண்ணும் நிறைந்திருந்தது. ஆனாலும் கை உயர்ந்தது.

வெளியே தகரப் பெட்டி தொப்பென்று விழுகிற சத்தம்.

படுதாவைத் தள்ளிக்கொண்டு செங்கமலம் ஓடி வந்தாள். பஸ்ஸுக்குக் கிளம்பினவள். தலையில் பூ இல்லை, காலில் ஒரு செருப்புதான். நேரே வந்து உயர்ந்த கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

பிடித்த பிடியிலேயே சாட்டையை வாங்கிக் கீழே போட்டாள்.

"செங்கமலம்..." என்றான் தவசி.

"பேசாத. கைய இழுக்காத, முடிச்சு இறுகும்."

குனிந்து அவன் கைக்கட்டை அவிழ்த்தாள். தவசியை ஒரு பார்வை பார்க்கவில்லை, வாத்தியாரம்மாவையும் பார்க்கவில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை.

வெளியே போய் மண்ணில் கிடந்த மற்ற செருப்பைத் தேடி மாட்டினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.